சூட்டுத் தகடும் சோளகக் காற்றும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் உள்ள சுருவிலில் கல்யாண வீட்டுக்கோ சாமத்திய வீட்டுக்கோ புறப்படும் பெண் பிள்ளைகள் பலர் விடியற்காலையிலேயே எழும்பி, ஸ்ட்ரெய்ட்னர் பிடித்து முடியை நேராக்குகிறார்கள். வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறும்போது யன்னலால் வரும் கடற்காற்றில் நெற்றியோரத்து முடி நெளியத் தொடங்கிவிடுகிறது. அடுத்த முறை அவர்கள் கருவியின் சூட்டை 180 பாகையிலிருந்து 210க்குக் கூட்டுகிறார்கள், அதுவும் போதாதென்றால் 230க்கு. அவர்களில் ஒரு பிள்ளையின் மச்சாள் ரொறன்ரோவில், தை மாதக் குளிரில், அதே மாதிரிக் கருவியை 170 பாகையில் வைத்து நேராக்கினால் அடுத்த முழுக்கு வரைக்கும் முடி பெரிதாக அசைவதில்லை. இருவருக்கும் ஒரே ஆச்சியின் நெளிமுடி. வேறுபாடு காற்றில் இருக்கிறது.

சூட்டைக் கூட்டினால் முடி கூடுதல் நேரம் நேராக நிற்கும் என்ற நம்பிக்கைதான் எங்கள் பிள்ளைகளின் கூந்தலைக் கெடுக்கிறது. முடியை நேராக்குவது அடிப்படையில் நீரை வெளியேற்றும் வேலை. அந்த வேலையைக் குலைப்பதும் நீர்தான், காற்றிலிருந்து திரும்ப உள்ளே வரும் நீர். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் அதை எந்தச் சூட்டாலும் தடுத்துவிட முடியாது. இது விளங்கினால், எவ்வளவு சூடு போதும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், முடியை எதனால் காக்கலாம் என்பவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும்.

ஓர் இழையின் உள்ளே

தலைமுடியின் ஓர் இழை ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்புள்ளது. அதன் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். வெளிப்புறத்தில் ஆறு முதல் பத்து அடுக்குச் செதில்கள், கிடுகு வேய்ந்த கூரை போல ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு செதிலும் ஏறத்தாழ அரை மைக்ரோமீற்றர் தடிப்பு. அவற்றின்மேல் நீரை ஒட்டவிடாத ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. வேர்ப்பக்க முடியில் தண்ணீர் வழுக்கி ஓடுவதற்கும், பழைய நுனிமுடி தண்ணீரைச் சட்டென்று குடிப்பதற்கும் இந்தப் படலம் இருப்பதும் இல்லாமற்போவதுமே காரணம்.

செதில்களுக்கு உள்ளே, நீளவாட்டில் அடுக்கிய நார்ப்பகுதி இருக்கிறது. முடியின் வலிமை, வளைவு, கறுப்பு நிறம் எல்லாம் அங்கேதான். அந்த நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை பலவகைப் பிணைப்புகள். அவற்றுள் இரண்டை அறிந்தால் போதும்.

முதலாவது கந்தகப் பிணைப்பு. கெரட்டினில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து உருவாவது. இது உறுதியானது. தண்ணீர் இதை அசைக்காது. பியூட்டி பார்லர்களில் ‘ரீபாண்டிங்’ செய்யும்போது பூசுகிற தயோகிளைக்கோலேற்று போன்ற இரசாயனங்களே இதை அறுக்கின்றன.

இரண்டாவது ஐதரசன் பிணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் மிக மெலிந்தது. ஆனால் எண்ணிக்கையில் பெருந்தொகை. காய்ந்த முடி விறைப்பாக நிற்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. நீர் மூலக்கூறு உள்ளே புகுந்தால் இந்தப் பிணைப்பைக் கழற்றி, தானே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர் வெளியேறினால், அந்த நேரத்தில் நார்கள் எந்த வடிவில் இருக்கின்றனவோ அந்த வடிவிலேயே புதிய பிணைப்புகள் விழும். இரவு ஈரத் தலையோடு படுத்தவர் காலையில் ஒரு பக்கம் மடிந்த முடியோடு எழும்புவது இதனால்தான்.

ஸ்ட்ரெய்ட்னர் செய்வதும் இதே வேலையைத்தான். இரண்டு சூட்டுத் தகடுகளுக்கு நடுவே முடியை இழுக்கும்போது நார்கள் நேராகின்றன, உள்ளே எஞ்சியிருந்த ஈரம் பறக்கிறது, தகட்டை விட்டு வெளியே வந்து ஆறும் கணத்தில் ஐதரசன் பிணைப்புகள் அந்த நேர் வடிவத்தைப் பூட்டிவிடுகின்றன. கந்தகப் பிணைப்புகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே இது தற்காலிகப் பூட்டு. தண்ணீர் வந்தவுடன் திறந்துவிடும்.

காற்றில் உள்ள கணக்கு

தண்ணீர் வருவதற்கு மழை பெய்ய வேண்டியதில்லை. முடி காற்றிலிருந்தே ஈரத்தை எடுக்கும். காற்றின் ஈரப்பதன் 40 சதவீதமாக இருக்கும்போது முடி தன் எடையில் ஏறத்தாழ 10 சதவீத நீரை வைத்திருக்கும். ஈரப்பதன் 63 சதவீதமானால் அது சுமார் 15 சதவீதமாகும். 86 சதவீதமானால் 23 சதவீதத்தை எட்டும். சூடாக்கிய வீட்டுக்குள் இருக்கும் கனடியப் பனிக்காலக் காற்று மிகவும் வறண்டது. தீவகத்துக் காலைக் காற்று வருடத்தின் பெரும்பகுதியில் 70 சதவீத ஈரப்பதனுக்கு மேல் நிற்பது. சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் அது கடலைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கெரட்டினுக்கு ஓர் இளகுநிலை இருக்கிறது. அந்த வெப்பநிலைக்குக் கீழே நார்கள் இறுகி, வடிவம் மாறாமல் நிற்கும். அதற்கு மேலே அவை நெகிழ்ந்து நகரும். முற்றிலும் காய்ந்த முடியில் இந்த இளகுநிலை சுமார் 144 பாகை செல்சியஸ். ஈரம் ஏற ஏற இது வேகமாக இறங்கும். நன்றாக நனைந்த முடியில் அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடும். ரொறன்ரோவின் வறண்ட அறையில் இளகுநிலை அறை வெப்பத்தை விட வெகு உயரத்தில் இருப்பதால் நேராக்கிய முடி அசையாமல் நிற்கிறது. சுருவிலில், 30 பாகை வெக்கையும் 85 சதவீத ஈரப்பதனும் சேர்ந்த காலையில், முடி தன் இளகுநிலையை நெருங்கிவிடுகிறது. நார்கள் நெகிழ, கந்தகப் பிணைப்புகள் நினைவில் வைத்திருக்கும் பழைய நெளிவு திரும்ப எழும்புகிறது.

இங்கே சூட்டைக் கூட்டுவதால் என்ன கிடைக்கும்? 144 பாகையைக் கொஞ்சம் தாண்டினாலே உலர்ந்த முடி இளகி நேராவதற்குப் போதும். 230 பாகையில் பிடித்த முடி சற்றுக் கூடுதல் நேரம் நிற்பதைச் சிலர் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தைத் தருவது முடியின் சிதைவு. நெளிவை நினைவில் வைத்திருந்த கட்டமைப்பே உருக்குலைவதால் அது திரும்ப எழும்ப முடியாமற் போகிறது.

புரதத்தின் இரு வடிவங்கள்

அந்தச் சிதைவு எப்படி நடக்கிறது என்பதை அறிவியல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் படித்துவருகிறது. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்பரி கம்பளி நூலையும் முடியையும் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். இழுக்காத இழையில் கெரட்டின் ஒரு வடிவிலும், நீராவியில் இழுத்த இழையில் வேறொரு வடிவிலும் இருப்பதைக் கண்டு, அவற்றுக்கு ஆல்பா, பீற்றா என்று பெயரிட்டார். 1951இல் அமெரிக்காவில் லைனஸ் போலிங்கும் அவருடைய குழுவினரும் ஆல்பா வடிவம் ஒரு திருகுசுருள் என்று காட்டினார்கள். பீற்றா வடிவத்தில் புரதச் சங்கிலிகள் விரிந்து, பக்கம் பக்கமாகத் தகடாகப் படிந்திருக்கும்.

புரதச் சங்கிலி ஏன் இந்த இரண்டு வடிவங்களை இவ்வளவு விரும்புகிறது என்பதற்கு விடை சென்னையிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடமாகத் தந்தார்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள் அதில் சில சிறு தீவுகளாகவே தெரியும். ஒன்றில் ஆல்பா சுருள், மற்றொன்றில் பீற்றா தகடு. உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் இராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரிலேயே அதைப் படிக்கிறார்கள்.

நல்ல முடியின் நார்கள் ஆல்பா சுருள்களால் ஆனவை. இழுத்தால் சற்று நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் மீள்தன்மை அவற்றிலிருந்தே வருகிறது. 200 பாகைக்கு மேற்பட்ட தகட்டைத் திரும்பத் திரும்ப வைத்தால் இந்தச் சுருள்களில் ஒரு பகுதி பீற்றா வடிவத்துக்கு மாறுகிறது, ஒரு பகுதி ஒழுங்கற்றுக் குலைகிறது. காய்ந்த முடியின் ஆல்பா சுருள்கள் முற்றாக உருக்குலைவது 230 பாகையை ஒட்டித்தான். கடையில் வாங்கும் பல ஸ்ட்ரெய்ட்னர்களின் உச்சச் சூடும் ஏறத்தாழ அதுவே. கருவியில் அந்த இலக்கம் இருப்பதால் அது முடிக்குப் பாதுகாப்பானது என்று எண்ணக்கூடாது.

உருக்குலைவுக்கு முன்பே வேறு இழப்புகளும் தொடங்கிவிடும். ட்ரிப்டோஃபான் போன்ற சில அமினோ அமிலங்கள் சூட்டில் சிதைகின்றன. மேற்செதில்களின் கொழுப்புப் படலம் குறைகிறது. செதில்களின் விளிம்பு உயர்ந்து, வெடித்து, உதிர்கிறது. கையால் தடவினால் சொரசொரப்பு, சீப்பு வைத்தால் சிக்கு, நுனியில் வெடிப்பு எல்லாம் இப்படித்தான் வருகின்றன. சுருட்டை முடியின் இழை வெட்டுமுகத்தில் வட்டமாக இல்லாமல் தட்டையாக இருப்பதாலும், ஒவ்வொரு வளைவிலும் இழுவிசை குவிவதாலும், அதற்கு இந்தப் பாதிப்பு நேர்முடியைவிட விரைவாகத் தெரியும்.

ஈரத் தலையில் கருவி

ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னரை வைப்பது எல்லாத் தவறுகளிலும் பெரியது. தகட்டுக்குள் முடியை வைத்ததும் ‘சிர்’ என்று சத்தம் வருகிறது, ஆவி எழும்புகிறது. அந்தச் சத்தத்தைச் சூடு நன்றாகப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் இழைக்குள் நடப்பது வேறு. நார்ப்பகுதிக்குள் இருந்த நீர் கொதித்து நீராவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகும். வெளியேற வழி போதாமல் நீராவி நார்களைத் தள்ளிப் பிளந்து குமிழிகளை உண்டாக்குகிறது. மருத்துவத்தில் இதற்குக் குமிழிமுடி என்றே பெயர். 1986இல் அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர்கள் இதை முதன்முதலாக விவரித்தார்கள். 1994இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 175 பாகைக்கு மேல் சூடேறிய முடியுலர்த்தியும், ஒரு நிமிடம் ஈர முடியில் பிடித்த 125 பாகைச் சூட்டுக் கோலும்கூடக் குமிழிகளை உண்டாக்கும் என்று காட்டியது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கறுத்த இழைக்குள் கோறை விழுந்ததுபோல வெற்றிடங்கள் வரிசையாகத் தெரியும். அந்த இடங்களில் முடி சும்மா தொட்டாலே முறியும்.

குமிழி விழாவிட்டாலும் ஆபத்து நீங்காது. நீரில் ஊறிய கெரட்டினின் ஆல்பா சுருள்கள் 150 பாகையை ஒட்டியே உருக்குலைந்துவிடும். காய்ந்த முடி தாங்குகிற சூட்டை ஈர முடி தாங்காது.

ஆகவே முதலில் முடி முற்றாகக் காய வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு நேரம் செல்லும் என்பதால் பலர் முடியுலர்த்தியைத் தலையோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். 2011இல் தென்கொரிய ஆய்வாளர்கள் முடிக் கற்றைகளை மூன்று தூரங்களில் உலர்த்திப் பார்த்தார்கள். 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தபோது முடியில் பட்ட சூடு 47 பாகை, 5 சென்ரிமீற்றரில் 95 பாகை. கிட்டப் பிடிக்கப் பிடிக்க மேற்செதில்களின் சேதம் கூடியது. அதே ஆய்வில் காற்றில் மட்டுமே உலரவிட்ட முடியிலும் ஒரு பாதிப்புத் தென்பட்டது: நெடுநேரம் ஈரத்தில் ஊறிக் கிடந்ததால் செதில்களுக்கு இடையில் அவற்றை ஒட்டிப்பிடிக்கும் பகுதி பாதிக்கப்பட்டது. 15 சென்ரிமீற்றர் தள்ளி, கையை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டு உலர்த்துவதே நல்லது என்பது அவர்கள் முடிவு. பருத்தித் துணியால் ஒற்றி, பாதி ஈரத்தைக் காற்றில் போகவிட்டு, மீதியை இப்படி உலர்த்துவது எங்கள் காலநிலைக்குச் சரியாகப் பொருந்தும்.

கிணற்றுத் தண்ணீரும் உப்பும்

தீவகத்து முடிக்குச் சூட்டுக்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் தாங்கி நிற்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வழியே இறங்கி, கடல்நீர் ஊறிய அடித்தளத்துக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ, கோடை நீண்டாலோ கீழேயிருந்து உவர் மேலே ஏறிவிடும். அதனால் எங்கள் பல கிணறுகளின் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கூட, சிலவற்றில் உப்பும் கூட.

கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாக மாறி முடியில் படியும். தோய்ந்த பிறகும் முடி மொரமொரவென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பு வேறு விதமாக வேலை செய்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறையில் உப்புப் போத்தல் மழைக்காலத்தில் கசிவது எல்லாரும் கண்டது. சவர்த் தண்ணீரில் தோய்ந்து காயவைத்த முடியில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவு தங்கிவிட்டால், கடற்காற்றில் அதுவே ஈரத்தை இழுத்து முடிக்குக் கொடுக்கும். எவ்வளவு சூட்டில் நேராக்கினாலும் அந்த முடி சீக்கிரம் நெளிந்துவிடும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தோய்ச்சலுக்கு எந்தத் தண்ணீரைப் பாவித்தாலும், கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீரை ஒதுக்கி வைக்க வேண்டும். மாரியில் பீலியில் பிடித்த மழைநீர் இதற்கு மிக நல்லது. சவர்க்காரக் கட்டியை முடிக்குப் போடாமல், காரத்தன்மை குறைந்த ஷாம்பு பாவிப்பதும் உதவும். காரம் கூடினால் செதில்கள் விரிந்து முடிக்கு முடி உரசும். தேசிக்காய்ச் சாறு சில துளிகளை ஒரு வாளி தண்ணீரில் கலந்து அலசினால் கல்சியப் படிவு ஓரளவு இளகும். சாற்றை நேரே தலையில் தேய்த்துவிட்டு வெயிலில் போவது மட்டும் கூடாது. தேசிப்பழச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் உண்டாகும்.

எண்ணெய் எப்போது?

எங்கள் வீடுகளில் தேங்காய் எண்ணெய்க்கு உள்ள இடத்தை ஆய்வுகளும் மெய்ப்பித்திருக்கின்றன. 2003இல் மும்பையில் ஆர்த்தி ரேலே, ஆர்.பி. மோஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முழுக்குக்கு முன்னும் பின்னும் பூசிப் பார்த்ததில், முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் காரணம் வேதியியலுக்கு உகந்தது. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லோரிக் அமிலம் சிறிய, நேரான சங்கிலி உடையது. அதனால் அது இழைக்குள் ஊடுருவிப் போய், முழுக்கின்போது நீர் உள்ளே புகுவதைக் குறைக்கிறது. நீரில் முடியின் தடிப்பு ஏறத்தாழ 15 சதவீதம் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இந்த ஊதலும் சுருங்கலும் வருடக்கணக்கில் செதில்களைத் தளர்த்துகின்றன. எண்ணெய் அதைத் தணிக்கிறது.

ஆனால் இந்தப் பயன் முழுக்குக்கு முன் வைக்கும் எண்ணெய்க்கே உரியது. ஸ்ட்ரெய்ட்னர் வைக்கும் முன் பளபளப்புக்காக எண்ணெய் தடவுவது வேறு காரியம். ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 பாகையை ஒட்டிப் புகையத் தொடங்கும். 200 பாகைத் தகட்டுக்குள் அது முடியோடு சேர்ந்து பொரிகிறது. தகட்டில் கருகிப் படிந்து, அடுத்த கற்றையை இழுக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் வைத்து, ஊறவிட்டு, சீயாக்காயோ மென்மையான ஷாம்புவோ போட்டுத் தோய்ந்து, முற்றாக உலர்த்திய பிறகே சூட்டுக் கருவி.

சூட்டுக்கு முன் பூசுவதற்கென்று விற்கும் காப்புத் திரவங்கள் எப்படி உதவுகின்றன? அவற்றில் டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்களும், முடியில் மெல்லிய படலமாகப் படியும் பல்பகுதியங்களும் இருக்கும். படலம் சூட்டைச் சற்று மெதுவாக உள்ளே விடுகிறது, ஓரிடத்தில் குவியாமல் பரப்புகிறது, தகட்டுக்கும் செதிலுக்கும் இடையிலான உரசலைக் குறைக்கிறது. சிலிக்கோன் படலம் காற்றின் ஈரம் உள்ளே போவதையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். சேதம் குறையும், இல்லாமற் போகாது. இதைப் பூசிவிட்டோம் என்ற தைரியத்தில் சூட்டைக் கூட்டினால் பூசியதன் பயன் போய்விடும். திரவத்தை அரை ஈர முடியில் பூசி, சீப்பால் பரப்பி, அதுவும் காய்ந்த பின்பே தகட்டை வைக்க வேண்டும்.

கையில் கருவி

நூல் போன்ற ஓர் இழையின் நடுவரை சூடு போய்ச் சேர ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே போதும். அப்படியானால் ஏன் ஒரே இடத்தில் நாலைந்து தடவை இழுக்கிறோம்? கற்றை தடிப்பாக இருப்பதால்தான். தடித்த கற்றையில் தகட்டைத் தொடும் வெளிமுடி கருகும், நடுவிலுள்ள முடி நேராவதே இல்லை. அதனால் திரும்பத் திரும்ப இழுக்கிறோம். ஒவ்வொரு இழுப்பிலும் அதே வெளிமுடி மறுபடி சுடுகிறது. சிக்கெடுத்து, தகட்டின் அகலத்துக்குள், பின்னால் வைத்த விரல் நிழலாகத் தெரியும் அளவு மெல்லிய கற்றையாகப் பிரித்தால் ஒரே இழுப்பு போதும். கையை நிறுத்தாமல் சீராக இழுத்து, தகட்டை விட்டு வந்த கற்றையை ஆறும்வரை தொடாமல் விட வேண்டும். பூட்டு விழுவது ஆறும்போதுதான்.

இரசாயனம் படாத நடுத்தர முடிக்கு 150 முதல் 180 பாகை வரை போதும். மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 200ஐத் தாண்ட வேண்டிய தேவை எங்கள் முடி எதற்கும் இல்லை. பாகை காட்டாத, ஒரே ஒரு பொத்தான் மட்டும் உள்ள மலிவுக் கருவி எவ்வளவு சூடாகிறது என்று அறிய வழியில்லை. அதை முடியில் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

புலம்பெயர்ந்த உறவுகள் நிறைந்த ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து அன்பளிப்பாக வரும் கருவிகள் பல அங்குள்ள 120 வோல்ற்று மின்சாரத்துக்குச் செய்தவை. இங்கே 230 வோல்ற்று. 120க்கு மட்டும் செய்த சாதாரண சூட்டுக் கம்பி இங்கே மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட மின்வலுவை இழுக்கும். முடி கருகுவதோடு கையும் சுடும், வீட்டுக்கும் ஆபத்து. செருகியை மாற்றும் அடப்டர் வோல்ற்றை மாற்றாது. கருவியின் பிடியில் 100–240 வோல்ற்று என்று எழுதியிருந்தால் மட்டுமே இங்கே செருகலாம்.

நெடுநாள் நேராக நிற்க வேண்டுமென்று இரசாயன முறைகளை நாடுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. சில ‘கெரட்டின்’ சிகிச்சைத் திரவங்கள் சூடுபட்டதும் ஃபோர்மல்டிகைட்டு வாயுவை விடும். அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. அதற்குப் பதிலாக வந்த கிளையொக்சிலிக் அமிலம் தலைத்தோலால் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்தைப் பாதித்ததை 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். யன்னல் பூட்டிய குளிரூட்டிய அறையில் நாள் முழுவதும் அந்த ஆவியை மூச்சில் எடுப்பவர் பார்லரில் வேலை செய்யும் பெண்தான்.

முடி இன்னும் நலமாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சில இழைகளைத் தண்ணீரில் நனைத்து, இழுக்காமல் காயவிடுங்கள். இயல்பாக இருந்த நெளிவு திரும்பினால் நார்கள் நலமாக இருக்கின்றன. சில இடங்களில் நெளிவும், சில இடங்களில் செத்த நேர்முடியுமாகக் கிடந்தால் அந்தப் பகுதி சூட்டில் உருக்குலைந்துவிட்டது. முடி உயிரற்ற இழை. எந்தக் கிரீமும் அதைத் திரும்பக் கட்டிக் கொடுக்காது. வெட்டிவிட்டுப் புதிதாக வளர்ப்பதே வழி.

முடி வளர்வது மாதம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். இடுப்பு வரை 60 சென்ரிமீற்றர் நீண்ட கூந்தல் அப்படி வளர்ந்துவர ஐந்து ஆண்டுகள் வேண்டும். பதினைந்து வயதில் சாமத்தியச் சடங்குக்காக 230 பாகையில் கருக்கிய கூந்தலை அந்தப் பிள்ளை இருபது வயதில்தான் முழுதாகத் திரும்பப் பெறுவாள். கடற்காற்றில் ஒரு காலைப்பொழுதுகூட நிற்காத நேர்முடிக்காக ஐந்து ஆண்டுகளைக் கொடுப்பது நியாயமில்லை. நேராகத்தான் வேண்டுமென்றால் 170 பாகையில் ஒரே இழுப்பு, பயணத்துக்குத் தளரப் பின்னி ஒரு துணியால் மூடிக்கொண்டு போய், மண்டபத்தில் அவிழ்த்துவிடலாம். வாடை ஈரத்தோடு அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கொண்டையோ பின்னலோ போட்டால், காற்று என்ன செய்தாலும் கலையாது. தாய்மார் பிள்ளைகளின் கையில் ஸ்ட்ரெய்ட்னரைக் கொடுக்கும்போதே 170 என்ற இலக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள். பார்லர் நடத்துவோர் வாடிக்கையாளர் கேட்டாலும் அதற்கு மேல் சூட்டை வைக்காதீர்கள். எங்கள் தீவின் காற்றை எந்தக் கருவியும் வெல்லப்போவதில்லை. அதை அறிந்து சூட்டைக் குறைப்பவர்களுக்கே கூந்தல் மிஞ்சும்.